மஞ்சள் நாட்களில் இரண்டு கையெழுத்து

நான் ஆறு வருடம் வேலை பார்த்த இடத்துக்கு இரண்டு தலைகள். இதைச் சொன்னால், எந்த ஆபீஸில்தான் இல்லை என்று சிரிப்பார்கள். மற்ற இடங்களில் அது ஆட்களின் குணத்தால் வருவது. எங்கள் இடத்தில் அதை உட்கார்ந்து யோசித்து, படமாக வரைந்து, கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

வளைகுடாக் கரையில் ஒரு வெளிநாட்டுப் படைத்தளம் அது. எந்த நாட்டின் படை, எந்தக் கரை என்பதெல்லாம் இங்கே வேண்டாம். துபாயிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. வேலிக்கு வெளியே ஒரு நாடு, வேலிக்கு உள்ளே இன்னொரு நாடு. உள்ளே அவர்களுக்கென்று தபால் நிலையம் உண்டு, கோர்ட் உண்டு, அவர்கள் ஊர் நேரம் காட்டும் கடிகாரம் உண்டு. வெள்ளைக்காரன் போய்விட்டான் என்று தூத்துக்குடிப் பக்கம் நான் படித்த பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கே போனான் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

அவர்களுக்குச் சமைக்க, துணி துவைக்க, குப்பை அள்ள, ஏசி பார்க்க எங்களைப் போல் சில நூறு பேர் உள்ளேயே தங்கியிருந்தோம். விசா வெளியே ஒரு சப்ளை கம்பெனி கஃபீலின், அதாவது எங்களுக்குப் பொறுப்பேற்ற அரபி முதலாளியின், பெயரில். ரூம் வேலிக்கு உள்ளே. வெளியே போக வேண்டுமென்றால் பாஸ் வேண்டும். அந்த பாஸ் எழுதும் கிளார்க் நான்.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். மேலே அவர்கள் நாட்டுத் தலைநகரம் என்று ஒரு கட்டம். அதிலிருந்து இரண்டு கோடுகள் இறங்கும். இடது கோட்டின் கீழே கமாண்டர்: வீரர்கள், ஆயுதங்கள், வாசல். வலது கோட்டின் கீழே சிவில் நிர்வாகி: கட்டடம், தண்ணீர், சாப்பாடு, எங்களைப் போன்ற வெளியாட்கள். இரண்டு கட்டங்களும் ஒரே உயரம், ஒரே அகலம். நடுவில் ஒரு புள்ளிக்கோடு. இந்தப் பக்கத்துக் காகிதத்தை அந்தப் பக்கம் கொண்டுபோவது யார் என்பதற்குப் படத்தில் இருந்த ஒரே அடையாளம் அந்தப் புள்ளிக்கோடுதான். அதாவது நான்.

சிவில் நிர்வாகி ஓய்வுபெற்ற அதிகாரி. நல்ல மனிதர், அதையும் சொல்லிவிட வேண்டும். இதற்கு முன் அவர்கள் நாட்டுக்குச் சொந்தமான ஏதோ ஒரு தீவுக்கூட்டத்தில் நிர்வாகம் பார்த்தவர். "அங்கேயும் இதே அமைப்புதான்" என்பார். "சிப்பாய் கையில் முழு அதிகாரத்தைக் கொடுத்தால் ஊரைச் சுட்டுவிடுவான். குமாஸ்தா கையில் கொடுத்தால் எதிரிக்குக் கதவைத் திறந்துவிடுவான். அதனால் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தோம். ஒருவருக்கு மேல் ஒருவர் இல்லை." அந்தத் தீவுகளில் இருந்த ஜனங்கள் எங்கே உட்கார்ந்தார்கள் என்று கேட்க எனக்கு நாக்கு துடிக்கும். கேட்டதில்லை.

வாசலில் ஒரு பலகை இருந்தது. அதில் மூன்று நிறங்களில் ஏதாவது ஒன்று தொங்கும். பச்சை என்றால் சாதாரண நாள். எங்கள் பாஸுக்கு நிர்வாகியின் கையெழுத்து போதும். சிவப்பு என்றால் ஆபத்து. எல்லாம் கமாண்டர் கையில். நடுவில் மஞ்சள். கடலில் எங்கோ ஏதோ நடந்திருக்கும். நம்மை வந்து தொடுமா தொடாதா என்று தெரியாது. மஞ்சள் நாட்களில் எங்கள் கைப்பேசிகளை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். வெளியே போகும் பாஸுக்கு இரண்டு கையெழுத்தும் வேண்டும்.

எது முதலில், எது இரண்டாவது என்று எந்த விதியிலும் இல்லை. அங்கேதான் எல்லாக் கூத்தும். முதலில் காகிதத்தை வாங்கிப் பதிவு செய்யும் ஆபீஸ்தான் அந்த விஷயத்துக்குப் பொறுப்பு. வெளியே போனவன் ஏதாவது செய்துவைத்தால் முதலில் வாங்கியவன் பதில் சொல்ல வேண்டும். ஆகவே முதலில் வாங்க இரண்டு பேருமே மாட்டார்கள். "அந்தப் பக்கம் பார்த்துவிட்டு வரட்டும்" என்பார் இவர். "அந்தப் பக்கம் பார்த்துவிட்டு வரட்டும்" என்பார் அவர்.

இதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். கமாண்டர் ஆபீஸில் ஒரு வயதான சார்ஜென்ட். விண்ணப்பத்தை மேஜையில் வைத்தால், பதிவு எதுவும் போடாமல், மூலையில் பென்சிலால் சின்னதாக ஒரு டிக் அடித்துக் கொடுப்பார். எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று அர்த்தம். அதைப் பார்த்த தைரியத்தில் நிர்வாகி மையில் கையெழுத்துப் போடுவார். மையைப் பார்த்ததும் கமாண்டரும் போடுவார். பிறகு நான் ரப்பரை எடுத்து அந்த டிக்கை அழித்துவிடுவேன். ஒரு மணி நேர வேலை. தலைநகரத்தில் பெரிய மூளைகள் கூடி வரைந்த படம் ஒரு பென்சில் டிக்கில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

காக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராமநாதபுரம் கடற்கரை ஊர்க்காரர். அந்த ஊர் முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுவார்கள். அவர் எனக்கும் காக்காதான். லாண்டரி ஃபோர்மேன். ஒரே ரூமில் என் கட்டிலுக்குக் கீழ்க்கட்டில். வீரர்களின் துணிகளில் பச்சைச் சீட்டும், நிர்வாகத்தார் துணிகளில் வெள்ளைச் சீட்டும் குத்தியிருக்கும். இரண்டையும் ஒரே மேஜையில்தான் அவர் தேய்ப்பார். கமாண்டரின் காலர் எப்படி நிற்க வேண்டும், நிர்வாகிக்கு எந்தத் தோள் கொஞ்சம் இறக்கம் என்றெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர்களுக்கு அவர் முகம் தெரியுமா என்று எனக்குத் தெரியாது.

அவர் மகன் துபாயில், அல் கூஸில், ஏசி மெக்கானிக். காக்காவே விசா எடுத்துக் கூட்டி வந்த பிள்ளை, இருபத்துமூன்று வயது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வெள்ளிக்கிழமை பாஸ் வாங்கிக்கொண்டு காக்கா அல் குசைஸ் போவார். மகனும் அங்கே வருவான். ஒரு மலையாளி கஃபட்டீரியாவில் பரோட்டா. திரும்பி வரும்போது காக்காவின் பையில் மகனின் அழுக்குச் சட்டைகள் இருக்கும். இங்கே துவைத்து, தேய்த்து, அடுத்த முறை கொண்டுபோய்க் கொடுப்பார். வெளித்துணியை உள்ளே துவைப்பது விதிப்படி குற்றம். "அவன் தங்கியிருக்கிற கேம்ப் தண்ணி உப்புத் தண்ணி தம்பி, சட்டை மொறமொறன்னு ஆயிரும். புள்ளைக்கு ஒத்துக்காது" என்பார். அலமாரியின் அடித்தட்டில், பச்சைச் சீட்டும் வெள்ளைச் சீட்டும் இல்லாமல் மூன்று சட்டைகள் எப்போதும் இருக்கும்.

அந்த முறை மஞ்சள் மூன்று வாரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இடையில் சார்ஜென்ட் தவணை முடிந்து ஊர் போய்விட்டார். அவர்கள் ஆட்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுவார்கள். நாங்கள்தான் மாறாமல் கிடப்போம். அவருக்குப் பதிலாக வந்தவன் இளைஞன், படு சுறுசுறுப்பு. சுறுசுறுப்பானவர்களைக் கண்டால் எனக்கு அன்றிலிருந்து பயம்.

திங்கட்கிழமை காலை என் மேஜை போன் அடித்தது. மஞ்சள் நாட்களில் வெளியாட்கள் எங்களைப் பிடிக்க அந்த ஒரு போன்தான். தமிழ்ப் பெண் குரல்.

"அண்ணே, துபாய் ஆஸ்பத்திரியில இருந்து நர்ஸ் பேசுதேன். அங்க லாண்டரியில ஒரு பெரியவரு இருக்காராம்லா, அவர் மகன் இங்க அட்மிட். நேத்து ஏணியில இருந்து விழுந்துட்டான். தலையில அடி. ஆபரேஷன் முடிஞ்சுட்டு."

"எப்படிம்மா இருக்கான்?"

"நடுவுல கண்ணு முழிக்கான். வாப்பா வாப்பான்னு சொல்லுதான். அவங்க ஆளுங்க அப்பாவ அப்படித்தான கூப்பிடுவாங்க? கூட தங்கியிருக்க பையன்தான் இந்த நம்பரத் தந்தான். அவர ஒண்ணு சீக்கிரம் வரச் சொல்லுங்கண்ணே."

கன்னியாகுமரிப் பேச்சு. என்னிடம் இருந்த எல்லாப் பதவிசும் அந்தப் பேச்சில் உதிர்ந்துவிட்டது.

காக்காவை நானே போய்க் கூட்டி வந்து உட்கார வைத்துச் சொன்னேன். அவர் அழவில்லை. எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"நான் வாசலுக்குப் போறேன் தம்பி. இப்ப டூட்டியில இருக்கிற லெப்டினன்ட் பயலுக்கு என் மூஞ்சி தெரியும். அவன் கல்யாண யூனிஃபார்ம நான்தானே தேச்சுக் குடுத்தேன். கையக் கால புடிச்சாவது கேட்டுப் போயிர்றேன்."

அவர் அப்படியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதை எழுதும் இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது. அந்த லெப்டினன்ட் விட்டிருக்கலாம். அவனுக்கும் எங்கோ ஒரு அப்பா இருந்திருப்பார். விடாமலும் இருந்திருக்கலாம்.

நான் தடுத்தேன். "பாஸ் இல்லாம மஞ்சள்ல வாசலுக்குப் போனா பேர எழுதிருவாங்க காக்கா. அப்புறம் பாஸே கிடையாது. கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிருவாங்க. ஒரு மணி நேரம் பொறுங்க. நான் காகிதத்த நகத்துறேன்."

"ஒன்னால முடியுமா?"

"முடியும் காக்கா. இது எனக்குத் தண்ணி பட்ட பாடு."

அவர் என்னை நம்பி உட்கார்ந்தார். ரூமில் யாருக்குப் பாஸ் சிக்கினாலும் நான் எடுத்துக் கொடுப்பதை அவர் பார்த்திருக்கிறார். நம்பாமல் என்ன செய்வார்.

புது சார்ஜென்டிடம் போனேன். விண்ணப்பத்தை வைத்து, மூலையைக் காட்டி, பழையவர் ஒரு டிக் அடிப்பார் என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். எந்த டிக், எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டான். சொல்லச் சொல்ல அவன் முகம் மாறியது. அதிகாரப் பதிவில் பென்சில் குறியா, பிறகு அழிப்பீர்களா என்றான். விட்டால் என்னையே உள்ளே தள்ளியிருப்பான். காகிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வராந்தாவில் நின்று யோசித்தபோதுதான் எனக்கு அந்த அற்புதமான யோசனை தோன்றியது. ஒருவர் பின் ஒருவராகப் போனால்தானே யார் முதல் என்ற தகராறு? ஒரே விண்ணப்பத்தை இரண்டாக எழுதி, ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் கொடுத்துவிட்டால்? இரண்டு பேரும் முதல். இரண்டு பேரும் கையெழுத்து. எனக்கு அப்போது என்னை நினைத்தே பெருமையாக இருந்தது. பதினொரு மணிக்கு ஒன்றை அங்கேயும், பதினொன்று பத்துக்கு ஒன்றை இங்கேயும் பதிவில் சேர்த்தேன். வருடக்கணக்காகக் குமாஸ்தா வேலை பார்த்தவனுக்கு மட்டும்தான் அப்படி ஒரு மடத்தனம் தோன்றும்.

மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தேன். கமாண்டர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் எழுதியிருந்தது: இவ்விஷயம் சிவில் பக்கத்தில் நடவடிக்கையில் உள்ளது. நிர்வாகி ஆபீஸில் எழுதியிருந்தது: இவ்விஷயம் ராணுவப் பக்கத்தில் நடவடிக்கையில் உள்ளது. இரண்டு பேரும் கம்ப்யூட்டரில் தேடியிருக்கிறார்கள். அடுத்த ஆபீஸிலும் அதே பெயர் பதிவாகியிருப்பதைப் பார்த்து, அப்பாடா என்று கை கழுவிவிட்டார்கள்.

ஓடிப்போய் நிர்வாகியைப் பார்த்தேன். நடந்ததைச் சொல்லி, ஒன்றை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவர் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். மஞ்சள் நிலையில் பதிவான ஒன்றை வாபஸ் வாங்கவும் இரண்டு பக்கமும் ஒப்ப வேண்டும் என்றார்.

"அந்தப் பிள்ளை தலையில் ஆபரேஷன் ஆகி, அப்பாவைக் கேட்டுக்கொண்டிருக்கிறான், சார்."

"எனக்கு வருத்தமாக இருக்கிறது" என்றார். உண்மையாகவே அவருக்கு வருத்தமாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தீவுகளில் ஒருமுறை இப்படித்தான். பெரிய புயல். மருந்துக் கப்பலைக் கரைக்கு விட கமாண்டர் ஒப்பவேண்டும், நானும் ஒப்பவேண்டும். நான்கு நாள் ஆனது. ஆனால் அமைப்பு உடையவில்லை. நாளைக்கு நான் கமாண்டரிடம் பேசுகிறேன்."

அந்த நான்கு நாளில் தீவில் என்ன ஆனது என்று அவர் சொல்லவில்லை. டீயைக் குடித்தேன். அந்த டீயை அவர் முகத்தில் வீசாமல் மடக் மடக்கென்று குடித்து, நன்றி சார் என்று சொல்லி எழுந்து வந்தவன் நான். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேல் வெறுப்பு வருகிறது.

செவ்வாய்க்கிழமை காலை முதல் காக்கா என் ஜன்னலுக்கு எதிரே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். லாண்டரியில் ஒரு மணி நேரம், பெஞ்சில் பத்து நிமிடம். ஒவ்வொரு முறையும் ஜன்னலுக்கு வந்து ஒன்றும் கேட்காமல் என்னைப் பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது.

மதியம் நர்ஸ் கூப்பிட்டாள். "அண்ணே, இப்போ கண்ணு முழிக்கறது இல்ல. டாக்டருக்கும் ஒண்ணும் நம்பிக்கையாச் சொல்லத் தெரியல. அப்பா கிளம்பியாச்சா?"

"கிளம்பிட்டே இருக்காரும்மா."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். காக்கா ஜன்னலில் நின்றார்.

"என்ன சொல்றாங்க தம்பி?"

"அப்படியே இருக்கானாம் காக்கா. பயப்பட ஒண்ணுமில்லயாம்."

ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் வாசலுக்கு ஓடிவிடுவார் என்ற பயமா? ஓடினால் பென்சில் கதை, இரண்டு விண்ணப்பக் கதை எல்லாம் வெளியே வந்து என் வேலைக்கு வேட்டு வைக்கும் என்ற பயமா? இரண்டுமே இருந்தது. எது அதிகம் என்று என்னை யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்வேன், இரண்டாவதுதான்.

"நான் வாசலுக்குப் போயிரட்டா தம்பி?" என்றார், இந்தத் தடவை அனுமதி கேட்பதுபோல.

"வேண்டாம் காக்கா. காகிதம் நகருது."

காகிதம் ஒரு அங்குலம் நகரவில்லை.

புதன்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு இரண்டு பக்கமும் கூடும் ஒருங்கிணைப்புக் கூட்டம் உண்டு. குறிப்பு எடுப்பவன் நான். குறிப்பு எடுப்பவன் பேசக் கூடாது என்பது எழுதாத விதி. கூட்ட விஷயங்களின் கடைசியில், பிற என்பதற்குக் கீழே, லாண்டரி ஊழியர் பாஸ் என்று நானே தட்டச்சு செய்து சேர்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். கமாண்டரும் நிர்வாகியும் எதிரெதிரே. இரண்டு பேர் உடம்பிலும் காக்கா தேய்த்த சட்டை. கமாண்டரின் காலர் விறைப்பாக நின்றது.

முதல் விஷயம் பூனைகள். சாப்பாட்டுக் கூடத்தின் பின்னால் தெருப்பூனைகள் பெருகிவிட்டன. அவற்றைப் பிடிக்க வேண்டியது யார்? கூடம் கட்டடம் என்பதால் சிவில் என்றார் கமாண்டரின் ஆள். வேலி வழியாக உள்ளே நுழைவதால் அது ஊடுருவல், ஆகவே ராணுவம் என்றார் நிர்வாகியின் ஆள். யாரும் சிரிக்கவில்லை. நான் குறிப்பு எடுத்தேன். நாற்பது நிமிடம் பூனைகளைப் பற்றிக் குறிப்பு எடுத்தேன். பேனாவை வைத்துவிட்டு, ஐயா, ஒரு தகப்பன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்ல எத்தனையோ முறை வாய் வரை வந்தது. சொல்ல ஒரு மூச்சு நேரம் போதும். நான் சொல்லவில்லை. நிர்வாகி ஒருமுறை என்னைப் பார்த்தார்; கடைசியில் எடுத்துக்கொள்வோம் என்பதுபோலத் தலையசைத்தார். அப்போது ஆபத்து ஒத்திகைச் சங்கு ஊதியது. எல்லோரும் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். கூட்டம் அடுத்த புதனுக்கு ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதி முடித்தேன்.

அன்று மாலை நாலு மணிக்கு நர்ஸ் கூப்பிட்டாள். "அண்ணே, பையன் போயிட்டான்" என்றாள். 

"அவர் வரவே இல்லியேண்ணே" என்றாள் பிறகு.

லாண்டரிக்குப் போனேன். நீராவியும் சோப்பு வாசனையும். காக்கா தேய்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்ற விதத்தைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து சுவிட்சை அணைத்தார். சட்டை தீய்ந்துவிடக் கூடாது என்ற பழக்கம். பிறகு கீழே உட்கார்ந்தார். அல்லாஹ் என்று ஒரு முறை சொன்னார். என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்படியே இருக்கான்னு சொன்னியே தம்பி" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். அவர் என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

ஊரில் இருந்த அவர் மனைவியோடு ஆபீஸ் போனில் பேச வைத்தேன். இங்கேயே அடக்கிவிடலாம் என்று முடிவாயிற்று. வியாழக்கிழமை நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அல் கூஸ் மையவாடியில். அவன் கூட வேலை பார்த்த பையன்கள் குளிப்பாட்டினார்கள், அவர்களே தூக்கினார்கள். தகப்பன் ஒரு மணி நேரத் தொலைவில், வேலிக்குள். அதே நேரத்துக்குத் தளத்துத் தொழுகை அறையில் காக்கா நின்றார். அவருக்குப் பின்னால் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். பெஷாவர்க்காரன், மலையாளி, வங்காளி எல்லாரும். நான் வேதக்காரன், கிறிஸ்தவன். வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். எனக்குத் தெரிந்த எந்த ஜெபமும் அப்போது வாயில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை பலகையில் பச்சை தொங்கியது. கடலில் ஒன்றும் நடக்கவில்லையாம்.

சனிக்கிழமை காலை என் மேஜையில் பாஸ் வந்திருந்தது. ஒன்றில்லை, இரண்டு. நான் கொடுத்த இரண்டு விண்ணப்பத்துக்கும் தனித்தனியாக. பச்சையில் ஒரு கையெழுத்தே போதும். ஆனாலும் மரியாதைக்கு இரண்டு பேரும் இரண்டிலும் போட்டிருந்தார்கள். நோக்கம்: மருத்துவமனையில் உள்ள மகனைப் பார்க்க. நேரம்: நான்கு மணி நேரம்.

காக்கா ஒன்றை எடுத்துக்கொண்டார். அலமாரியின் அடித்தட்டிலிருந்து மூன்று சட்டைகளையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். மண்ணறைக்குச் சட்டை எதற்கு என்று நான் கேட்கவில்லை. கூட இருந்த பையன்களுக்குக் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். திரும்பும்போது பை இல்லை.

வாசலில் அவரை நிறுத்திவிட்டார்கள். நோக்கம் மருத்துவமனை என்றிருந்தால் திரும்பும்போது மருத்துவமனைச் சீட்டு காட்ட வேண்டும். என்னைக் கூப்பிட்டார்கள். வாசலில் நின்றவன் அதே லெப்டினன்ட். காக்காவைப் பார்த்ததும், "இவர் எங்கள் லாண்டரி மனிதர் அல்லவா?" என்றான். நடந்ததைச் சொன்னேன். அவன் தொப்பியைக் கழற்றினான். "திங்கட்கிழமையே என்னிடம் வந்திருக்கலாமே. நானே கூட்டிப் போயிருப்பேனே" என்றான்.

அவன் சொன்னது ஆங்கிலத்தில். காக்காவுக்கு அவ்வளவு ஆங்கிலம் வராது என்று நினைத்துக்கொண்டேன். என்ன சொல்கிறான் என்று அவர் கேட்கவும் இல்லை.

பிறகு நடந்ததெல்லாம் காகிதம். மஞ்சள் நாட்களில் விண்ணப்பத்தை எப்படிக் கையாள்வது என்று புது நடைமுறை ஒன்று எழுதினார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்த குழு, அதற்கு ஒரு செயலாளர், புதுப் படிவம். உதாரணத்துக்கு ஒரு சம்பவம் வேண்டுமென்று, சலவைப் பிரிவு ஊழியர் ஒருவர் என்று ஆரம்பிக்கும் ஒரு பத்தி. அதைத் தட்டச்சு செய்தது நான். குழுவின் செயலாளரும் நான். நிர்வாகி என் கையைக் குலுக்கினார். சுவரில் இருந்த படத்தில் புள்ளிக்கோட்டைக் கொஞ்சம் தடிமனாக்கி மறுபடி மாட்டினார்கள்.

இரண்டு மாதம் கழித்துக் காக்கா வேலையை விட்டார். ஃபைனல் எக்ஸிட், இனி திரும்ப வருவதில்லை. அந்த வாரம் மறுபடி மஞ்சள். தளத்தை விட்டு ஓர் ஆள் ஒரேயடியாகப் போவதற்கும் இரண்டு கையெழுத்து வேண்டும். காலை ஒன்பதுக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஒன்பது பத்துக்கு இரண்டும் கையில் இருந்தது. திரும்பி வராதவனுக்கு யாரும் பொறுப்பு ஏற்க வேண்டியதில்லை.

வெள்ளை வேன் நின்றது. அவர் பெட்டியை நான் ஏற்றினேன். இரண்டு மாதமாக ஒரே ரூமில் மேல்கட்டிலும் கீழ்க்கட்டிலுமாகக் கிடந்தோம். சாப்பிட்டாயா என்று கேட்பார், லைட்டை அணைக்கவா என்று கேட்பார், மகனைப் பற்றி ஒரு சொல் எங்களுக்குள் வந்ததில்லை. வேனில் ஏறுவதற்காகக் காலைத் தூக்கியவர் இறக்கினார்.

"தம்பி, ஒண்ணு கேக்கவா? அன்னைக்கு எந்த ஆபீஸ்ல முதல்ல குடுத்தே?"

அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஏதாவது ஒரு ஆபீஸின் பெயரைச் சொல்லித் தப்பித்திருக்கலாம்.

"ரெண்டுலயும் காக்கா. ஒரே நேரத்துல."

அவர் தலையை ஆட்டினார். வேன் டிரைவர் யல்லா யல்லா என்று கையைக் காட்டினான். அவர் என் தோளில் கையை வைத்து, சட்டையில் ஒரு சுருக்கத்தைத் தடவிச் சரிசெய்தார். யாரைப் பார்த்தாலும் அவர் கை செய்யும் வேலை அது.

"அந்த லெப்டினன்ட் பய சொன்னது எனக்குப் புரிஞ்சுச்சு தம்பி" என்றார். பிறகு வேனில் ஏறி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வாசலைப் பார்த்துக்கொண்டே போனார்.